சுவரில் பாய்ந்த பெண்புலி

புலிக்குக் கண் தப்பாகிவிட்டது.

மற்றதெல்லாம் சரி. மடத்துக் கூடத்தில் சுவர் நிறைய எழுதிய படத்தில் பெண்புலி பாய்ந்துகொண்டிருந்தது. வால் விறைத்து, நகம் வெளியே நீட்டி.

ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். எமன் என்றான் ஒருவன். கோபம் என்றான் இன்னொருவன். ஆசை என்றவனும் உண்டு. அவன் எதைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்வான்.

படத்தை எழுதிய சீடன் சடையாண்டி குருவிடம் போனான்.

"சாமி, கண்ணை அழிச்சு அழிச்சு எழுதிட்டேன். அந்தப் புலி இல்லை இது."

"எந்தப் புலி?"

"என் பெண்டாட்டி மேல பாய்ஞ்ச புலி. தோளைக் கிழிச்சிட்டு ஓடிப்போச்சு. எழுதித் தீர்த்தா மனசு ஆறும், வீட்டுக்குப் போகலாம்னு இங்கே வந்தேன். ஆறலை."

குரு வந்து படத்தைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

"படத்துக்கு எப்படிக் கண் எழுதித் திறந்தே?"

"முறைப்படிதான் சாமி. எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு, படத்துக்கு முதுகைக் காட்டி நின்னு, கண்ணாடியில பார்த்து எழுதினேன்."

"கண்ணாடியில வேற என்ன தெரிஞ்சுது?"

யோசித்தான். "என் மூஞ்சி."

"அதான் புலிக்கு உன் முழி."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். குரு திரும்பினார். சிரிப்பு நின்றது.

"அதோட கண்ணை நீ பார்த்தியா?"

"இல்லை. நான் ஓடி வர்றதுக்குள்ள அது முதுகைக் காட்டிருச்சு."

"யார் பார்த்தா?"

"அவதான். நாச்சாயி."

"கேட்டியா?"

"அவ பேசலை. நானும் கேட்கலை."

"பிறகு என்கிட்ட எதுக்குடா வந்தே?"

சடையாண்டி ஊருக்குப் போய் அவளை அழைத்து வந்தான்.

கண் திறக்கும்போது எதிரே ஆள் நிற்கக் கூடாது என்று மடத்தில் முணுமுணுத்தார்கள்.

"அவ நிஜப் புலிக்கு எதிரேயே ஒரு தடவை நின்னாச்சு. சும்மா இருங்க," என்றார் குரு.

நாச்சாயி படத்தின் எதிரே நின்றாள். புலியின் கண்ணைப் பார்த்தாள்.

"இப்படி முறைக்கலைங்க. பயந்து போயிருந்துச்சு, என்னாட்டமே. எனக்குப் பின்னால புதர்ல குட்டி கத்துச்சு. அதுக்கும் குட்டிக்கும் நடுவுல நான்."

சடையாண்டி தலையைக் குனிந்தான்.

"ரொம்ப வலிச்சுதா?"

இத்தனை நாளில் அன்றுதான் கேட்டான்.

தூரிகையைக் கையில் எடுத்தான். அந்தக் கையின் மேல் அவள் தன் கையை வைத்து, புலியின் கண்ணுக்கு நகர்த்தினாள்.

அன்று கண்ணாடி தேவைப்படவில்லை.

புலியை எழுதியது சடையாண்டி. கண்ணை எழுதியது நாச்சாயி.