மிட்டாதார் காளைக்கு ஒரு குடம் தண்ணீர்

மூன்று கல்யாணம் செய்தும் பிள்ளையில்லாத மிட்டாதார் ஒருவர் இருந்தார். கட்டிய மூன்று பேருமே மலடு என்பார். ஊர்ப் பசுக்கள் எல்லாம் அவருடைய பொலிகாளையிடம்தான் வர வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். வருஷம் ஒன்றாகியும் ஒரு பசுகூடச் சினை பிடிக்கவில்லை.

"உன் பசு மலடு, அடிமாட்டுக்கு ஓட்டு" என்றார், ஆடுமாடு மேய்க்கும் வெள்ளையம்மாளிடம். "என் காளைமேல குறைன்னா இப்பவே காட்டு, பார்க்கலாம்!"

அவள் சந்தேகத்தோடு காளையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். "ரெண்டு குடம் கிணத்துத் தண்ணி போதுங்க சாமி."

உச்சி வெயில். மிட்டாதார் வீட்டு வாசலில் ஊரே கூடிவிட்டது. முதல் குடத்தைத் தன் ஆட்டுக்கிடாவின் பின்னங்கால்களுக்கு நடுவே ஊற்றினாள். தொங்கிய விதைப்பை விறுக்கென்று சுருங்கி மேலே ஏறியது. அடுத்த குடம் மிட்டாதார் காளைக்கு. பை அசையவேயில்லை.

"உயிருள்ள விதைன்னா குளிர் பட்டதும் மேலே ஏறுமுங்க. இதை எவனோ நசுக்கிக் காயடிச்சுட்டு, பொலிகாளைன்னு உங்க தலையில கட்டிட்டான். பை மட்டும்தான் மிச்சம்."

ஊரே காளையைப் பார்த்தது. பிறகு மெதுவாக மிட்டாதாரைப் பார்த்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து மூன்றாவது மனைவியின் குரல் கேட்டது: "வெள்ளையம்மா, இன்னும் ஒரு குடம் தண்ணி இருக்கா?"