மடத்துக் குரல்

தில்லைநாயகம் மடத்தில் சேரும் முன் ஆய்வுக்கூடத்தில் வைரஸ்களைப் பார்த்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். குரு உமையாள் அம்மை அவரைவிட இளையவர். ஊரெங்கும் காய்ச்சல். இருவரும் அடுப்படியில் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"வைரஸுக்கு வாயில்லை, வயிறில்லை. வெளியே கிடந்தா வெறும் தூசிதான். ஆனா ஒரு செல்லுக்குள்ள போயிட்டா தன்னைப் போல ஆயிரம் பண்ணிக்குதும்மா."

"உள்ளே யார் விட்டா?"

"செல்லேதான். பூட்டுக்குப் பொருந்துற சாவி அதுகிட்ட இருக்கு. நம்ம ஆளுன்னு கதவு திறந்துடும். அப்புறம் செல்லோட பட்டறை அது சொன்னதைச் செஞ்சுக்கிட்டே இருக்கும். யார் சொன்னதுன்னு பார்க்காது."

"தப்பிக்க வழியே இல்லையா?"

"சில செல் கண்டுபிடிச்சுடும். தன் பட்டறையைத் தானே உடைச்சுக்கிட்டுச் செத்துப்போகும். ஆனா அதுவும் தோல்விதானேம்மா?"

அம்மை அடுப்பைத் தணித்தார். வெளியே மடத்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"மடம் சொல்லுது, கேளுங்க! இந்தக் காய்ச்சலைக் கொண்டாந்தது யாருன்னு தெரிஞ்சுபோச்சு..."

ஊர்த்தலைவர் வேலாயுதத்தின் குரல். காய்ச்சலுக்கு மருந்து தேடாமல் ஆள் தேடுகிறவர். ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருந்த பாசிமணி விற்கும் குடும்பங்கள்தான் காரணம் என்று மடம் அறிவிக்க வேண்டும், அவர்களை விரட்ட வேண்டும் என்று நேற்றே கேட்டிருந்தார். அந்த நிலத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அம்மை முடியாது என்று அனுப்பிவிட்டார். இன்று, மடம் எப்போதோ தனக்குப் போர்த்திய காவிச் சால்வையோடு உள்ளே வந்து மைக்கைப் பிடித்திருக்கிறார். வாசலில் யார் தடுப்பார்கள்?

அம்மை அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு போனார். ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் ஓங்கிப் போட்டார். பெட்டி நசுங்கியது. திரும்பவும் போட்டார்.

"ஏரிக்கரை..." என்பதோடு பேச்சு அறுந்தது.

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சிலர் கையில் கம்பு இருந்தது. மடம் சொன்னால் இந்த ஊர் மறுபேச்சு பேசாது.

"ஏரிக்கரையில என்னம்மா?" என்று ஒருவர் கேட்டார்.

"அங்கேயும் பிள்ளைங்களுக்குக் காய்ச்சல். கஷாயம் போகுது. கூட வர்றவங்க வாங்க."

வேலாயுதம் கொதித்தார். "நாளைக்குக் குருபூஜை! மடத்தை ஊமையாக்கிட்டீங்களே! நீங்க தோத்துட்டீங்க!"

அம்மை குழவியைக் கீழே வைக்கவில்லை.

"ஊரே நிக்குது. அந்தச் சால்வையைக் கழட்டி வெச்சுட்டு, சொல்ல வந்ததை உங்க சொந்தக் குரல்ல சொல்லுங்க."

வேலாயுதம் கூட்டத்தைப் பார்த்தார். சால்வையை இறுகப் பிடித்துக்கொண்டார். வாய் திறக்கவில்லை.

தில்லைநாயகம் கஷாயப் பானையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தார்.