நடுச்சுவர்

"அம்மா, என் வீடு மட்டும் ஏன் சூடாக மாட்டேங்குது?" என்று கேட்டான் சடையாண்டி.

மடத்தம்மா பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மலை உச்சியில் தகரக் கூரை போட்ட சின்ன மடம் அது. குரு மடத்தம்மாவைவிடச் சீடன் சடையாண்டிக்குப் பத்து வயது கூட. ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சடையாண்டி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. பூண்டில் பூச்சி விழுந்தாலும், பல் வலித்தாலும், கடவுள் உண்டா என்று சந்தேகம் வந்தாலும் இங்கேதான் ஏறி வருவான்.

"மக தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. தாயில்லாப் புள்ள. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. இந்த மார்கழிக் குளிர்ல பச்சப் புள்ளைய எங்க போடுறது?"

"என்ன செஞ்சு பாத்த?"

"கரண்டு ஹீட்டர் வாங்கினேன். முன்னால உக்காந்தா மொகம் காயுது, முதுகு வெறைக்குது. நம்ம மலையில கரண்டு இருக்கிற லட்சணத்துக்குப் பாதி நாள் அது சும்மாதான் நிக்குது."

"அப்புறம்?"

"கேஸ் ஹீட்டர் இரவல் வாங்கினேன். சூடு வருது. கூடவே சுவரெல்லாம் வேர்த்து ஒழுகுது. சிலிண்டரும் கண்ண மூடித் தெறக்கிறதுக்குள்ள தீந்துபோகுது."

"அப்புறம்?"

"கணப்புச்சட்டியில கரி போட்டேன். செலவு கம்மி அதுதான்."

மடத்தம்மா இப்போது நிமிர்ந்தாள்.

"சன்னல்?"

"தெறந்து வச்சா போட்ட சூடெல்லாம் வெளிய போயிருதும்மா."

"மூடினா?"

போன வருஷம் கேரட் காட்டுக் கொட்டகையில் கரியை மூட்டிவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்த புருஷனும் பெண்டாட்டியும் விடிந்து எழுந்திருக்கவில்லை. அவர்களைத் தூக்கி வெளியே போட்டவர்களில் சடையாண்டியும் ஒருவன்.

"சட்டிய வாசலுக்குக் கொண்டு போயிட்டேன்," என்றான் தணிந்த குரலில். "புகைக்குழாய் வச்ச இரும்படுப்புதான் நல்லதுங்கிறாங்க. வெறகு கம்மியாத் திங்குமாம், புகையும் உள்ள நிக்காதாம். ஆனா செஞ்சு வரத் தை மாசம் ஆகுமாம். எது தேறும்னு நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

"போன மார்கழியில என்ன வச்சிருந்த?"

"ஒண்ணும் வைக்கல. போர்வைதான்."

"குளிரலையா?"

"இப்படி இல்லம்மா. அதான் புரியல. அதே வீடு, அதே ஓடு, அதே சன்னலு."

அவள் மடியில் கிடந்த தோலை உதறிவிட்டு எழுந்தாள்.

"நட."

சடையாண்டியின் வீடு அவன் அப்பா கட்டியது. அப்போது அது ஒரே வீடு. காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை வந்து, பாகம் பிரித்து, நட்ட நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். அந்தப் பக்கம் அண்ணன் மலையாண்டி, இந்தப் பக்கம் இவன். அதற்குப் பிறகு தெருவில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் ஆளுக்கொரு மலையைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

ஐப்பசி மழையில் மலையாண்டி செத்துப்போனான். சடையாண்டி சுடுகாடு வரை போனான். அண்ணன் வீட்டு வாசற்படி ஏறவில்லை. செத்தவனோடு கோபமும் போய்விடும் என்று நினைத்திருந்தான். அது போகவில்லை.

வீட்டுக்குள் மகள் வள்ளிமயில் இரண்டு கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நெஞ்சில் இழுப்பு உண்டு. ஒவ்வொரு மூச்சும் வெளியே கேட்டது.

மடத்தம்மா ஹீட்டரைப் பார்க்கவில்லை. சாக்கு திணித்த சன்னலையும் பார்க்கவில்லை. நேரே போய் நடுச்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது.

"அங்க உக்காராதீங்கம்மா," என்றாள் வள்ளிமயில். "அந்தச் சுவருதான் ரொம்பக் குளிரு. முன்னெல்லாம் நான் அங்கதான் படுப்பேன். கதகதன்னு இருக்கும்."

"எப்ப வரைக்கும்?"

"கல்யாணம் ஆகிப் போற வரைக்கும். போன மார்கழி வரைக்கும்."

"சடையாண்டி, இங்க கைய வை."

வைத்தான். சில்லென்று இருந்தது.

"எப்ப இருந்து இப்படி?"

"ஐப்பசியில இருந்து," என்றவன் சட்டென்று கையை எடுத்தான்.

அந்த ஊரில் சாவு விழுந்த வீட்டு அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுவார்கள். கருமாதி முடிந்த அன்று பங்காளி ஒருவன் தன் வீட்டிலிருந்து நெருப்பெடுத்துப் போய் அதை மூட்ட வேண்டும். கூடப் பிறந்தவன் இருந்தால் அவன்தான் மூட்ட வேண்டும். அதுவரை அந்த அடுப்பு எரியக் கூடாது. இது சடையாண்டிக்குத் தெரியாததல்ல. ஊர் நிறையப் பங்காளிகள் இருக்கிறார்களே, எவனாவது போயிருப்பான் என்று இருந்துவிட்டான்.

"அந்தப் பக்கம் நெருப்பு இல்லையாம்மா?"

"என்னை ஏன் கேக்கிற? அவங்க வாசல் பக்கத்துலதான இருக்கு."

வெளியே மகளுக்காகப் போட்ட வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கங்குகளை அள்ளிக் கணப்புச்சட்டியில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுப் படியேறினான். வெட்கமாக இருந்தது. திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது.

அண்ணன் பெண்டாட்டி பேச்சியம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். சட்டியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"மதினி," என்றான். சட்டியை முன்னால் நீட்டினான்.

"வேற பங்காளிக வந்தாங்க தம்பி. கூடப் பெறந்தவரு இருக்கயில நீங்க எதுக்குன்னு அனுப்பிட்டேன்."

"இத்தன நாளா நெருப்பில்லாமயா இருந்தீங்க?"

"கஞ்சி வைக்கப் பின்னால கேஸ் இருக்கு. குளிருக்கு என்ன, ஒருத்திதானே."

அவன் அப்பா காலத்து அடுப்பு இருந்த மூலையைத் தேடினான். அங்கே வெறும் தரைதான் இருந்தது. அடுப்பு நடுச்சுவரை ஒட்டி இருந்தது. சுவர் மேலே வரை கரியேறிக் கிடந்தது.

"இங்கயா இருக்கு அடுப்பு?"

"பாகம் பிரிச்ச வருசமே இடிச்சு இங்க கட்டினாரு. பாதிச் சூடு அந்தப் பக்கம் போயிருது, நமக்குப் பத்தலன்னு எத்தன தடவ சண்ட போட்டிருப்பேன். அங்க புள்ளைக்கு இழுப்பு இருக்கும்பாரு. அதோட பேச்சு முடிஞ்சிரும்."

சடையாண்டி குனிந்து கங்குகளை அடுப்பில் கொட்டினான். விறகுக்காகத் திரும்பிப் பார்த்தான். பின்சுவர் முழுக்க, கூரையை முட்ட, பிளந்த விறகு அடுக்கியிருந்தது. ஒரு கட்டைகூட எடுக்கப்படவில்லை.

"இவ்வளவு வெறகு எதுக்கு மதினி?"

"உங்க பக்கம் புள்ளைக்கு வளைகாப்புல வளையல் போட்ட சத்தம் சுவர் வழியாக் கேட்டுச்சு. மறுநாளே கோடாலிய எடுத்துட்டாரு. மார்கழிக்குப் புள்ள இங்க வந்துரும்னாரு."