கண்ணுக்குள் வந்த கேமராக்காரர்

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பௌர்ணமி ஸ்டுடியோ என்று ஒன்று இருந்தது. நடத்தியவர் எத்திராஜ். அவருக்குக் கீழே கோதண்டம், அமலதாஸ் என்று இரண்டு பேர். மூவரும் நாணயமான மனிதர்கள். யார் என்ன சொன்னாலும் சொன்னதை அப்படியே செய்துவிடுவார்கள். தொல்லையெல்லாம் அதில்தான்.

அந்தத் தை மாதம் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கல்யாணம், அரிசி மில்காரர் மகள் தமயந்தியுடையது. அந்தப் பெண் நேரிலேயே வந்து சொல்லிவிட்டாள்.

"அண்ணே, முகம் துல்லியமா விழணும். பின்னாடி இருக்கறதெல்லாம் அப்படியே கரைஞ்சு போயிடணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, மெட்ராஸ்லேர்ந்து ஆளைக் கூப்பிட்டுக்கறோம்."

எத்திராஜ் முடியும் என்று தலையாட்டினார். உடனே சென்னையில் லென்ஸ் விற்கும் ஹபீபுல்லாவுக்குப் போன் போட்டார். அவர் இரண்டு ஐம்பது எம்.எம். லென்ஸ்களை அனுப்பி வைத்தார். ஒளி நுழையும் துளையின் அளவாக ஒன்றில் 1.4 என்றும் இன்னொன்றில் 1.8 என்றும் போட்டிருந்தது. இரண்டையும் சோதித்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிட வேண்டும்.

"நாலு பெருசா, எட்டு பெருசா?" என்று எத்திராஜ் ஆலோசனையைத் தொடங்கினார்.

"எட்டுதாண்ணே," என்றான் அமலதாஸ்.

"அப்புறம் ஏன் நாலு விலை ஜாஸ்தி, கனமும் ஜாஸ்தி?"

கோதண்டம் மோவாயைத் தடவிக்கொண்டான். "ஒருவேளை நாலு இன்னும் வளருமோ என்னவோ."

மற்ற இருவருக்கும் அது நியாயமாகப் பட்டது.

சோதிக்கும் முறையை ஹபீபுல்லா போனில் சொன்னார். "முதல்ல முழுசாத் திறந்து வச்சு எடுங்க." அவர் சொன்னது லென்ஸின் ஒளித்துளையை.

எத்திராஜ் லென்ஸின் முன்மூடியைத் திறந்தார், பின்மூடியைத் திறந்தார். "முழுசான்னு சொன்னாரேண்ணே" என்று கோதண்டம் நினைவூட்டவே, ஜன்னலைத் திறந்தார்கள். கடை ஷட்டரைத் திறந்தார்கள். கொல்லைக் கதவு, பீரோ, கக்கூஸ் கதவு எல்லாவற்றையும் திறந்தார்கள். வெளியே நல்ல காற்று. அருவி வரைந்த பின்திரை ஆணியிலிருந்து பிய்த்துக்கொண்டு போய், எதிர்ப்பக்கத்து இளநீர் வண்டியைப் போர்த்தியது.

"பின்னாடி இருந்தது கரையலைண்ணே, பறந்துடுச்சு," என்றான் அமலதாஸ்.

வேறு வழியில்லாமல் தெருவில் இறங்கினார்கள். கோதண்டம் முன்னால் நின்றான். பின்னணிக்கு ஏதாவது வேண்டுமே என்று அமலதாஸ் அவனுக்குப் பின்னால் போய் நின்றான். "பின்னாடி இருக்கறது தள்ளிப் போகப் போக நல்லாக் கரையும்" என்று ஹபீபுல்லா சொல்லியிருந்தார்.

எத்திராஜ் 1.4 லென்ஸில் பார்த்தார். "இன்னும் தெரியுற. தள்ளிப் போ."

அமலதாஸ் டீக்கடை வரை போனான். தெரிந்தான். பஸ் ஸ்டாண்டு வாசல் வரை போனான். அங்கேயும் ஒரு பொட்டு போலத் தெரிந்தான். அதன்பின் கண்ணில் படவில்லை. வெகுநேரம் கழித்துப் போன் வந்தது.

"நெய்வேலி வந்துட்டேண்ணே. இப்பக் கரைஞ்சுட்டேனா?"

எத்திராஜ் கேமராவில் உற்றுப் பார்த்தார். "சுத்தமா. அங்கயே நில்லு, மத்ததையும் மாட்டிப் பாக்கறேன்."

1.8 லென்ஸிலும் அமலதாஸ் சுத்தமாகக் கரைந்திருந்தான். கரைப்பதில் இரண்டு லென்ஸும் சமம் என்று தீர்மானித்து, அவனை அடுத்த பஸ்ஸில் திரும்பி வரச் சொன்னார்கள்.

இனித் துல்லியம். "கேமராவுக்குக் கிட்ட இருக்கற கண்ணைப் பாத்து ஃபோகஸ் பண்ணுங்க" என்பது ஹபீபுல்லாவின் வார்த்தை. எத்திராஜ் அளந்து பார்த்தார். கேமராவுக்கு மிகக் கிட்டத்தில் இருந்தது, அதில் ஒட்டவைத்திருந்த அவருடைய வலது கண்தான். கேமராவைத் திருப்பித் தன் கண்ணில் வைத்து அழுத்தினார். இமைமயிர் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் ஹபீபுல்லாவே மறுபடி போனில் வந்து, எதிரே நிற்கிற ஆளுடைய கண் என்று விளக்க வேண்டியிருந்தது.

கோதண்டத்தின் கண்ணை இரண்டு லென்ஸிலும் எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார்கள். 1.8 படத்தில் கண் கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. 1.4 படத்தில் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. அதோடு, கருவிழியின் நடுவே ஓர் ஆள் நின்றார். அவர் கையில் கேமரா.

நெய்வேலியிலிருந்து திரும்பியிருந்த அமலதாஸும் குனிந்து பார்த்தான்.

"யாருடா இது?" என்றார் எத்திராஜ்.

"தெரியலைண்ணே. எனக்கு உள்ள உறுத்தவே இல்லை," என்றான் கோதண்டம்.

"மெட்ராஸ்காரனா இருக்குமோ?" என்றான் அமலதாஸ்.

எத்திராஜ் எழுந்தார். ஒருவேளை அந்த ஆள் லென்ஸுக்குள் இருக்கலாம் என்ற நம்பிக்கையில், லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கேமராவைக் கையில் பிடித்தபடி கோதண்டத்தின் கண்ணருகே போய் நேராகப் பார்த்தார். ஆள் அங்கேதான் இருந்தார். எத்திராஜ் தலையை ஆட்டினார். அவரும் ஆட்டினார்.

"மில்காரர் சொல்லாம கொள்ளாம வரவழைச்சுட்டார்," என்றார் எத்திராஜ். "ஆனா மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

போட்டிக்காரனைப் பெரிதாக்கிக் காட்டுகிற லென்ஸ் நமக்கெதற்கு என்று 1.4 லென்ஸை அன்றே திருப்பி அனுப்பினார்கள். கலங்கலாக எடுத்ததை வைத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் எத்திராஜுக்குச் சோறு இறங்கவில்லை. "ஒரு மேடையில ரெண்டு பேர் முட்டிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? வெளியூர்லேர்ந்து வந்தவர், அவரே எடுக்கட்டும்," என்று பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தார்.

முகூர்த்தத்தன்று கோதண்டம் மணமேடைக்கு எதிரே, இமைகளை விரலால் விரித்துப் பிடித்தபடி நின்றான். கன்னத்தில் தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. பெண் வீட்டு உறவு போலிருக்கிறது, பாவம் என்று மாப்பிள்ளை வீட்டார் அவனுக்கு மோர் கொடுத்தார்கள். எத்திராஜும் அமலதாஸும் முதல் பந்தியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

மாலையில் தமயந்தி தேடிக்கொண்டு வந்தாள். "எங்கண்ணே போயிட்டீங்க? படமெல்லாம் எடுத்தீங்களா இல்லையா?"

"நான் எடுக்கலைம்மா. மெட்ராஸ்காரர்தான் எடுத்தார்."

"நாங்க யாரையும் கூப்பிடவே இல்லையே."

எத்திராஜ் உதட்டில் விரலை வைத்தார். மண்டபத்து மூலையில், ஜமக்காளத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த கோதண்டத்தின் மூடிய கண்களைக் காட்டினார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. காலையிலேர்ந்து நின்னபடியே எடுத்த மனுஷன், இப்பதான் கதவைச் சாத்திட்டுப் படுத்திருக்கார்."