குதிரை மேல் இருந்தவர்

மருதங்காட்டு ஜமீன்தாருக்குக் குதிரை என்றாலே பயம். ஆனாலும் தாத்தா ஜெயித்த சண்டையைச் சுவர் நிறைய ஓவியமாக வரையச் சொன்னார், தாத்தாவுக்குத் தன் முகத்தையே வைத்து. ஓவியர் முதலில் பென்சிலால் வரைந்து பார்த்தபோது, குதிரை மேல் ஏறி வாளைத் தூக்கி உட்கார்ந்தது குதிரைக்காரன் சுடலைமுத்துதான். அப்புறம் அவன் இலங்கைக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனான். இன்னும் திரும்பவில்லை.

அவன் போன பிறகு பிறந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் மனைவி பேச்சியம்மா அரண்மனையில் வந்து நின்றாள்.

"சாமி, அந்தப் பென்சில் படத்தைக் கொடுங்க. இவ இன்னும் அப்பன் முகம் பார்க்கலை."

"அரண்மனைப் பொருள் வாசலைத் தாண்டாது" என்றார் ஜமீன்தார்.

"சரிங்க சாமி, இங்கேயே இருக்கட்டும். நாளைக்குக் கலெக்டர் துரை சுவர்ப் படம் பார்க்க வர்றப்போ நானும் வந்து, குதிரை மேல இருக்கிறது உங்கப்பான்னு பிள்ளைக்குக் காட்டிட்டுப் போறேன்."

ஜமீன்தார் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அதே தோள், அதே தொடை. தலை மட்டும்தான் வேறு. ஓவியருக்காகத் தானே குதிரை மேல் உட்கார்ந்ததாகத் துரையிடம் அளந்துவிட்டிருந்தார்.

"இதை எங்கேடி ஒளிக்கிறது?" என்றார் மெதுவாக.

"எங்க குடிசையிலதான் சாமி. துரையும் நீங்களும் எட்டிப் பார்க்காத இடம் அது ஒண்ணுதானே."

வீட்டில் படத்தை விரித்ததும் பிள்ளை கை நீட்டி, "குதிரை" என்றது.

பேச்சியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"அதுக்கு மேல பாரு, தாயி."