தேன் கலக்காத வேர்

ஆற்றோரக் காட்டில் செம்பி என்ற மந்தி இருந்தாள். அவள் துணைவன் முறுவனின் கழுத்தில் புற்றுக்கட்டி வந்தது. அதைக் கரைக்கும் மருந்து காட்டில் ஒன்றே ஒன்றுதான்: நீலவேர்ச் சாறு. அது கரடியின் குகையில் மட்டுமே கிடைத்தது. ஒரு வேளை மருந்துக்கு ஒரு தேனடை விலை.

செம்பி பாறை பாறையாக ஏறித் தேனடை எடுத்தாள். தேனீக்கள் கொட்டி முகம் வீங்கியது. அருகில் இருந்த அடைகளெல்லாம் தீர்ந்தன. ஒரு நாள் வெறுங்கையோடு குகைக்குப் போனாள்.

"கரடியாரே, இன்றைக்கு மட்டும் சும்மா கொடுங்கள்! அவரால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை!"

"சும்மாவா? உன் மூஞ்சியைப் பார்த்தால் தேனீக்களோடு குடும்பம் நடத்துகிறவள் மாதிரி இருக்கிறாய். உனக்கா அடைக்குப் பஞ்சம்?"

மருந்துக்காக வரிசையில் நின்ற யாரும் சிரிக்கவில்லை.

செம்பி நேரே முள்ளம்பன்றியின் வளைக்குப் போனாள். அந்த மருந்தைக் கண்டுபிடித்தது முள்ளம்பன்றிதான்.

"மாமா! உங்கள் மருந்துதானே? எனக்கு ஒரு வேர் தோண்டிக் கொடுங்கள்!"

"கண்டுபிடித்தது நான், அம்மா. உரிமை என்னிடம் இல்லை. வெள்ளம் ஏறாத இந்த வளைக்காகக் கரடிக்குக் கொடுத்துவிட்டேன். என் பிள்ளைக்கே நோய் வந்தாலும் அந்த வேரை நான் தொடக்கூடாது."

"காலம் முழுக்கக் கரடிக்குத்தானா?"

"யார் சொன்னது? செய்முறையை எல்லார் காதிலும் விழும்படி சபையில் சொன்னால்தான் சபைத் தலைவி யானை உரிமை தரும். நானும் சொன்னேன். ஆற்றங்கரை மூங்கில் பூக்கும்வரை அது சொன்னவருக்கோ, அவரிடம் வாங்கியவருக்கோ சொந்தம். பூத்துவிட்டால் காட்டுக்கே சொந்தம்."

செம்பி துள்ளி எழுந்தாள்.

"மூங்கில் போன கோடையிலேயே பூத்துவிட்டதே, மாமா! அந்த மூங்கிலரிசியை நாங்கள் வயிறு முட்டத் தின்றோமே! அவரும் தின்றாரே!"

"எனக்குக் கண் மங்கிவிட்டது. பூத்ததை யாரும் வந்து சொல்லவில்லையே," என்றது முள்ளம்பன்றி.

செம்பி யானையிடம் ஓடினாள். சபை கூடியது; மூங்கில் பூத்ததைச் செம்பி சொன்னாள். கரடி அலட்டிக்கொள்ளாமல் வந்தது.

"முடிந்தது பழைய மருந்து! நான் அதில் தேன் கலந்திருக்கிறேன். இது புது மருந்து! அக்கரை இளமூங்கில் பூக்கும்வரை என்னுடையது. இதே சபைதான் உரிமை தந்தது!"

அது உண்மைதான். கூட்டம் தலையைத் தொங்கப்போட்டது. ஒரு கணம் செம்பியும் நம்பினாள். அந்தத் தேன் அவள் சுமந்துபோன தேன். சட்டென்று கேட்டாள்:

"தேன் கலக்காத வேர் யாருடையது?"

யானையின் காதுகள் அசைவதை நிறுத்தின. "தேன் கலந்த மருந்து கரடியுடையது. வெறும் வேர், மூங்கில் பூத்த அன்றே எல்லாருக்கும் சொந்தமாகிவிட்டது."

"தேன் இல்லாவிட்டால் கசக்கும்!" என்று கத்தியது கரடி.

"கசக்கட்டும்!" என்றாள் செம்பி. பிறகு யானையைப் பார்த்தாள். "இதை ஏன் முன்பே சொல்லவில்லை, அம்மா?"

"யாரும் கேட்கவில்லை," என்றது யானை. அதன் பார்வை தரையில் இருந்தது.

முள்ளம்பன்றி செய்முறையை மறுபடி சொன்னது. செம்பி வேரைத் தோண்டி, நசுக்கி, சாற்றை இலைத் தொன்னையில் ஏந்திக்கொண்டு ஓடினாள்.

முறுவன் வாய் திறக்கவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது.

தொன்னையைக் கையில் வைத்தபடி அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கரடியின் குகைக்கு நடந்தாள். சபைச் செய்தி எட்டாத புள்ளிமான் ஒன்று, கழுத்தில் கட்டி வந்த குட்டியோடு அங்கே காத்து நின்றது.

"வரிசையில் நிற்க வேண்டாம், அக்கா. வேர் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. முதலில் இதைக் குடிக்கக் கொடு."

குட்டி முகத்தைச் சுளித்தது. ஆனால் ஒரு சொட்டு விடாமல் குடித்தது.

ஒரு பொருள் யாருக்குச் சொந்தம் என்று தெரிந்துகொள்வதோடு, அந்தச் சொந்தம் எப்போது முடிகிறது என்றும் காலத்தோடு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.