மூன்றாவது பொட்டலம்

முதல் பொட்டலம் திறந்தது. கூடவே ஆவுடையப்பனின் குறிப்பும் திறந்தது.

பாளையங்கோட்டை டயாலிசிஸ் மையத்தின் கம்ப்யூட்டரில் ஓட அவர் எழுதிக் கட்டிக் கொடுத்த புரோகிராம்தான் பொட்டலம். ஆறு மெஷின், நாற்பத்தொரு நோயாளிகள். யாருக்கு எந்த நாள், எந்த மெஷின் என்று பட்டியல் போடும். பட்டியல் வந்தது. அதன்மேல் ஒரு சின்ன விண்டோ. 'இந்த சிஸ்டருக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது.'

சிஸ்டர் ஜெபக்கனி நிதானமாக வாசித்தார்.

"ஏறிட்டு சார்."

ஸ்மால்டாக் என்ற கணினி மொழியில் அப்படித்தான். எழுதிய நிரல், திறந்து வைத்த விண்டோ, எப்போதோ செய்து பார்த்த சோதனை எல்லாம் இமேஜ் என்ற ஒரே கோப்பில் உயிரோடு கிடக்கும். மூடினால் தூங்கும். திறந்தால் விட்ட இடத்தில் எழும். ஆறு வருஷமாக ஒரே இமேஜில் குடியிருந்த மனுஷன், அதை அப்படியே கட்டிக் கொடுத்துவிட்டார்.

"திங்கக்கிழமை வரைக்கும் பாப்பேன்," என்றார் சிஸ்டர். "போன வாரம் நோட்டுல ரெண்டு பேரை ஒரே மெஷின்ல எழுதிட்டேன். ஒருத்தர் சிவகிரியிலேருந்து பஸ்ல வந்தவரு. நாலு மணி நேரம் மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தாரு. இன்னொரு தடவை அதைப் பாக்க என்னால ஆகாது. வராட்டா வேற ஆளைப் பாக்கேன்."

ஆவுடையப்பன் தனக்கு ஸ்மால்டாக் சொல்லிக்கொடுத்த ஆசானிடம் போனார். ஆசானுக்கு அவரைவிட எட்டு வயது குறைவு. இருவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

"என்ன செய்ய?"

"நீரு உள்ளே இருக்கீரு. வெளியே வாரும்."

புரிந்துவிட்டது என்று நினைத்தார் ஆவுடையப்பன். குறிப்பு, எடிட்டர், சோதனைகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டினார். எண்பது எம்பி பதினொன்றானது. வெள்ளிக்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொண்டுபோனார்.

இரண்டாவது பொட்டலம் திறக்கவே இல்லை.

ஆறு மெஷின்களின் விவரத்தை அவர் முதல் வருஷமே கையால் தட்டி இமேஜுக்குள் வைத்திருந்தார். அதை உண்டாக்கும் வரி நிரலில் எங்கும் கிடையாது. வெட்டியதில் அதுவும் போயிற்று.

"இப்போ சுத்தமா இருக்கு சார்," என்றார் சிஸ்டர். "ஒண்ணுமே இல்ல."

சனிக்கிழமை ஆசானே மையத்துக்கு வந்தார். கையில் ஒரு புது லேப்டாப். அதில் யாரும் தொடாத வெறும் இமேஜ். டியூட்டி முடிந்து கிளம்பிய சிஸ்டரை அதன்முன் உட்கார வைத்தார்.

"நீங்க கட்டுங்க."

"நானா? எனக்குத்தான் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாதே."

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார்.

"சொல்ல மாட்டாரு. எழுதித் தருவாரு. எழுதினதை மட்டும் செய்யுங்க." ஆசான் திரும்பினார். "ஓய், நீரு இதைத் தொடக் கூடாது. பேசவும் கூடாது."

ஆவுடையப்பன் ஒரு தாளில் நாலு வரி எழுதினார். சிஸ்டர் இரண்டாவது வரியில் நின்றார்.

"'வழக்கம்போல ஏற்று'ன்னு போட்டிருக்கு. யாரு வழக்கம்?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். ஆசான் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு அதை எழுதினார்.

கட்டும் வேலை பாதியில் நின்றது. மறுபடி வெறும் இமேஜிலிருந்து தொடக்கம். மெஷின் விவரத்துக்கு நிரல் எழுதி பென் டிரைவில் கொடுத்தார். மறுபடி நின்றது. விடுமுறை நாள்களுக்கு எழுதினார். மறுபடி. நாலு வரி இரண்டு பக்கமானது. ஏழாம் தடவை பட்டியல் வந்தது. ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார்.

"உக்காருங்க," என்றார் சிஸ்டர். "அஞ்சாம் மெஷின்ல எல்லாரையும் போடுது. காமாலைக் கிருமி உள்ளவங்களுக்குத் தனி மெஷின்லா அது?"

அந்த விதியும் இமேஜுக்குள்தான் இருந்திருக்கிறது. எப்போது வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. உட்கார்ந்து எழுதினார்.

பதினோராம் தடவை சிஸ்டர் எதுவும் கேட்கவில்லை. தாளைப் பார்த்தார், செய்தார், பொட்டலம் கட்டினார். பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு மையத்தின் பழைய கம்ப்யூட்டருக்கு நடந்தார். அதில் நெட் இல்லை. ஸ்மால்டாக் இல்லை. ஆவுடையப்பன் இல்லை.

திறந்தார்.

நாற்பத்தொரு பேர். ஐந்தாம் மெஷினில் மூன்றே பேர். சிவகிரிக்காரர் திங்கள் காலை ஏழு மணி, இரண்டாம் மெஷின். அந்த நேரத்துக்கு அவர் மட்டும்.

"வந்திட்டு!" என்று கத்தினார் சிஸ்டர். வார்டில் படுத்திருந்தவர்கள் ஊசி குத்தாத கையைத் தூக்கி ஆட்டினார்கள். ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஆசானே, 'கட்டியவர்'னு ஒரு இடம் காலியா இருக்கு. நம்ம ரெண்டு பேர் பேரையும் போடட்டுமா?"

"நீரு என்ன செஞ்சீரு?"

"எழுதினேன்."

"நான்?"

"பாத்துக்கிட்டு இருந்தீங்க."

ஆசான் குனிந்து வாசலில் செருப்பைத் தேடினார்.

"ஜெபக்கனின்னு போடும்."